வழியில் இறங்கலாமா? சாலை ஆய்வாளர் பதில்கள்

நெடுஞ்சாலைத் துறையில் 33 வருடம் குப்பை கொட்டிவிட்டு ஓய்வு பெற்றவன் நான். சாலையைப் பற்றி யார் என்ன கேட்டாலும் பதில் சொல்வதாக ஆசிரியரிடம் ஒப்புக்கொண்டுதான் இந்தப் பக்கத்தை எழுதுகிறேன். இந்த மாதம் குழி, மேடு, டோல்கேட் பற்றிய கடிதங்கள் குறைவு. பள்ளி விடுமுறை வருகிறது அல்லவா, குடும்பத்தோடு போகும்போது வழியில் எதைப் பார்க்கலாம் என்பதே பெரும்பாலான கேள்வி. வழக்கம்போல எழுதியவர் பெயரைப் போடவில்லை, ஊர் மட்டும்.

கேள்வி (ஓசூர்): என் கணவர் ஸ்டியரிங்கைப் பிடித்தால் கன்னியாகுமரி போய்த்தான் இறங்குவார். பிள்ளைகள் "அப்பா, அது என்ன?" என்று கேட்டு முடிப்பதற்குள் அது நாலு கிலோமீட்டர் பின்னால் போயிருக்கும். டீசல் போட மட்டும் நிறுத்துவார். இவரை எப்படி வழிக்குக் கொண்டுவருவது?

அம்மா, உங்கள் கணவர்மேல் எனக்குக் கோபமே வரவில்லை. நானும் ஒரு காலத்தில் அந்த ரகம்தான்.

1994 மே மாதம். மச்சினனின் அம்பாசிடரை இரவல் வாங்கிக்கொண்டு புதுக்கோட்டையிலிருந்து ராமேஸ்வரம் போனோம். முன்சீட்டில் என் மாமனார், பின்னால் மனைவி, மாமியார், இரண்டு பிள்ளைகள், ஒரு தூக்குச்சட்டிப் புளியோதரை. வழியில் ஒரு தோப்புக்குள் மண்குதிரைகள் வரிசையாக நின்றன. இருபது முப்பது இருக்கும். சில குதிரைக்குத் தலை இல்லை, சிலதுக்கு மேல் வெள்ளைச் சுண்ணாம்பு உரிந்து செங்கல் நிறம் தெரிந்தது. ஒன்பது வயது மகள் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு "அப்பா, குதிரை, குதிரை, நிறுத்துப்பா" என்று கத்தினாள். நான் "வரும்போது பார்ப்போம்" என்றேன். வரும்போது ராத்திரி பதினோரு மணி. எல்லோரும் தூங்கிவிட்டார்கள், அவளைத் தவிர.

இன்றைக்கும் எங்கள் வீட்டில் "வரும்போது பார்ப்போம்" என்றால் நடக்காது என்று அர்த்தம். பேரன் ஐஸ்கிரீம் கேட்டு நான் "அப்புறம் பார்க்கலாம்" என்றால், "வரும்போது பார்ப்போமா தாத்தா?" என்று கேட்கிறான். அவன் அம்மா சொல்லிக்கொடுத்தது.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். வண்டி ஓட்டுகிறவருக்கு நிறுத்துவதில் வெறுப்பு கிடையாது. திடீரென்று பின்சீட்டிலிருந்து "நிறுத்துங்க, நிறுத்துங்க" என்று கத்துவதுதான் பிடிக்காது. நாற்கரச் சாலையில் நூறில் போகும்போது அப்படி பிரேக் போடுவது ஆபத்தும்கூட. ஆகவே, முதல் நாள் ராத்திரியே ஒரே ஒரு இடத்தைப் பேசி முடிவு செய்யுங்கள். அவர் மனக்கணக்கில் அந்த நேரம் ஏறிவிட்டால் பிறகு முறைக்கமாட்டார். கோவில்பட்டியில் கடலைமிட்டாய் வாங்கவேண்டும் என்று ஆரம்பியுங்கள். 2020இல் புவிசார் குறியீடு வாங்கிய மிட்டாய், அதை வேண்டாம் என்று எந்த மனிதர் சொல்வார்? ஊருக்குள் இறங்கியபின், அங்கிருந்து சுமார் இருபது கிலோமீட்டரில் கழுகுமலை இருப்பதைச் சொல்லுங்கள். வெட்டுவான் கோயிலை, மலையை மேலிருந்து கீழாகச் செதுக்கிக்கொண்டே வந்து, பாதியில் விட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள் பாண்டியர் காலத்துச் சிற்பிகள். மேல்பாதி கோயில், கீழ்ப்பாதி வெறும் பாறை. "ஏன் முடிக்கலை?" என்று பிள்ளைகள் கேட்பார்கள். அந்தக் கேள்வியில் திருநெல்வேலி வரைக்கும் வண்டி ஓடும்.

கேள்வி (சிட்னி): இங்கே நெடுஞ்சாலை ஓரத்தில் பெரிய வாழைப்பழம், பெரிய ஆடு என்று ராட்சத பொம்மைகள் கட்டிவைத்திருக்கிறார்கள். பிள்ளைகளுக்கு உயிர். மாசி மாதம் சொந்த ஊரான ஆலங்குடிக்கு வருகிறோம். "அங்கே என்ன பெரிசா இருக்கு?" என்று மகன் கேட்கிறான். என்ன சொல்ல?

தம்பி, உங்கள் ஊர் ஆடு எனக்குத் தெரியும். பார்த்ததில்லை, தொழில்முறையில் தெரியும். கோல்பர்ன் ஊரில் 1985இல் கட்டிய மெரினோ ஆடு, 15 மீட்டர் உயரம். பிற்பாடு ஊரைச் சுற்றி பைபாஸ் போட்டார்கள். வண்டிகள் ஊருக்குள் வராமலே போயின. ஆட்டைப் பார்க்க ஆளில்லை. 2007இல் ஆட்டையே அடியோடு பெயர்த்து லாரியில் ஏற்றி, பைபாஸ் பிரியும் இடத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்தார்கள். இதை ஒரு பத்திரிகையில் படித்தபோது எனக்குச் சிரிப்பும் வந்தது, வயிற்றையும் பிசைந்தது. நானே என் கையால் அளந்து கல் நட்ட பைபாஸ்கள் மூன்று. அந்த மூன்று ஊர்களிலும் பழைய சாலையில் இருந்த டீக்கடை, பரோட்டாக் கடை, பொம்மைக் கடை எல்லாம் இரண்டே வருடத்தில் படுத்துவிட்டன. நம்மூரில் ஆட்டைத் தூக்கிவைக்க யார் வருவார்கள்?

உங்கள் மகனுக்குப் பதில் இருக்கிறது. ஆலங்குடியிலிருந்து கீரமங்கலம் பக்கம் போங்கள். குளமங்கலம் பெருங்காரையடி மீண்ட அய்யனார் கோயில் வாசலில் ஒரு குதிரை நிற்கிறது. 33 அடி உயரம். முன்னங்கால் இரண்டையும் தூக்கிக்கொண்டு பாயப் போகிற தோரணை. நல்ல வேளையாக மாசியில் வருகிறீர்கள். மாசி மகத்தன்று நேர்த்திக்கடன் வைத்தவர்கள் காகிதப்பூ மாலை கொண்டுவந்து அந்தக் குதிரைக்குப் போடுவார்கள். ஒரு மாலையே குதிரையின் கழுத்திலிருந்து கால்வரை தொங்கும். தலையில் தூக்க முடியாமல் வேனிலும் லாரியிலும் ஏற்றிக்கொண்டு வருவார்கள். ஒன்றின்மேல் ஒன்றாகப் போட்டுப்போட்டு, சாயங்காலத்துக்குள் குதிரை மறைந்து நிறநிறமான காகித மலை ஒன்று நிற்கும். பையனை மதியத்துக்கு முன்னாலேயே கூட்டிப் போய்க் குதிரையைக் காட்டிவிடுங்கள். பிறகு குதிரை மூழ்குவதைப் பார்க்கட்டும்.

அங்கே உள்ளவர்களிடம் இதைச் சுற்றுலா இடம் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அது அய்யனார் ராத்திரி காவலுக்கு ஏறிப் போகிற குதிரை. செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் கிட்டே போகவேண்டும்.

கேள்வி (விழுப்புரம்): பெரம்பலூர் பக்கம் சாத்தனூரில் கல்மரம் இருக்கிறது என்று கேள்விப்பட்டு, திருச்சி போகும் வழியில் நாற்கரச் சாலையை விட்டுப் பிரிந்து போனோம். வேலிக்குள் ஒரு கட்டை படுத்துக்கிடக்கிறது. அவ்வளவுதான். என் மகள் "இதுக்கா?" என்று கேட்டாள். எனக்கும் அதுதான் தோன்றியது. இதைப்போய் ஏன் எல்லோரும் எழுதுகிறார்கள்?

உங்கள் மகள் கேட்டது நியாயம். கல்மரம் தானாகப் பேசாது. கூடப் போகிறவர்தான் அதற்காகப் பேசவேண்டும்.

நான் பேரனைக் கூட்டிப் போனபோது காரிலேயே கதையை ஆரம்பித்துவிட்டேன். "இப்ப நாம கடலுக்குள்ள போயிட்டிருக்கோம்" என்றேன். வெளியே சோளக்கொல்லையும் கருவேலமும்தான். அவன் என்னை ஒரு மாதிரி பார்த்தான். 12 கோடி வருடத்துக்கு முன் அந்தப் பக்கம் முழுக்கக் கடல். கரையோரக் காட்டிலிருந்து ஒரு மரம் விழுந்து தண்ணீரோடு வந்து அடியில் சேற்றில் புதைந்தது. மண்ணில் ஊறிய தண்ணீரில் கரைந்திருந்த சிலிக்கா, மரத்தின் ஒவ்வொரு செல்லாக நுழைந்து உட்கார்ந்துகொண்டது. மரம் போய், மரத்தின் அச்சு மட்டும் கல்லாக நின்றுவிட்டது. ஊசியிலை இனத்து மரம். 1940இல் இந்தியப் புவியியல் ஆய்வுத்துறையைச் சேர்ந்த எம்.எஸ். கிருஷ்ணன் இதைப் பதிவு செய்தார்.

அங்கே போய் இறங்கியதும் வேலியோரமாக நடந்து அடி எண்ணச் சொன்னேன். மரம் 18 மீட்டர். அவன் கால் சின்னது, அடி வைக்கும்போது ஏமாற்றவும் செய்வான், 37 என்று வந்தது. அடிமரத்தில் எவ்வளவு பருமன், நுனியில் எவ்வளவு, பட்டையில் சுருக்கம் தெரிகிறதா என்று பார்க்கச் சொன்னேன். இருபது நிமிடம். போதும்.

திரும்பும்போதுதான் கடைசிச் சீட்டை இறக்கினேன். எதிரே சுண்ணாம்புக்கல் லாரி வரிசையாக வந்துகொண்டிருந்தது. அரியலூரில் ஏன் இத்தனை சிமென்ட் ஆலை தெரியுமா என்று கேட்டேன். அந்தக் கடலில் வாழ்ந்த சிப்பியும் நத்தையும் செத்துப் படிந்து படிந்து ஆன சுண்ணாம்புக்கல் அங்கே பூமிக்குள் கிடக்கிறது. அதைத் தோண்டி அரைத்துச் சுட்டுத்தான் சிமென்ட். "அப்ப நம்ம வீட்டுச் சுவத்துல சிப்பி இருக்கா தாத்தா?" என்றான். வீட்டுக்கு வந்ததும் சுவரை முகர்ந்து பார்த்தான்.

இன்னொரு தடவை போங்கள் என்று சொல்லமாட்டேன். திருவக்கரை உங்கள் மாவட்டத்திலேயே இருக்கிறது. அங்கே ஒன்றிரண்டு இல்லை, காடாகக் கல்மரங்கள். வயது சுமார் 2 கோடி வருடம், சாத்தனூர் மரத்துக்குக் கொள்ளுப்பேரன். பக்கத்திலேயே வக்கிரகாளியம்மன் கோயில், வீட்டில் பெரியவர்களும் சந்தோஷப்படுவார்கள். கதையை மட்டும் காரிலேயே ஆரம்பித்துவிடுங்கள்.

கேள்வி (கரூர்): நீண்ட பயணத்தில் பிள்ளைகள் கையில் போனைக் கொடுக்காமல் சமாளிக்க வழி?

கல் எண்ணுங்கள். மஞ்சள் தலை உள்ள கிலோமீட்டர் கல் தேசிய நெடுஞ்சாலை, பச்சைத் தலை மாநில நெடுஞ்சாலை. சாலை மாறியதை யார் முதலில் கண்டுபிடிக்கிறார்கள் என்று போட்டி வையுங்கள். இரண்டு கிலோமீட்டர் கல்லுக்கு நடுவில் 200 மீட்டருக்கு ஒன்றாக 2, 4, 6, 8 என்று குட்டிக் கற்கள் வரும். ஒவ்வொரு ஐந்தாவது கிலோமீட்டர் கல்லும் மற்றதைவிடப் பெரிசாக இருக்கும். பழைய சாலையில் போனால் புளியமரத்து வயிற்றில் வெள்ளையடித்து நம்பர் போட்டிருக்கும். அது நாங்கள் போட்ட நம்பர். காய்ப்பை ஏலம் விடுவதற்கும், யாராவது மரத்தை வெட்டிக்கொண்டு போனால் கண்டுபிடிப்பதற்கும். என் வாழ்நாளில் ஒரு மரம் காணாமல் போய், மேலதிகாரியிடம் நான் வாங்கிய திட்டு இன்னும் காதில் இருக்கிறது. நம்பர் 114.

கேள்வி (சென்னை, சொந்த ஊர் பட்டுக்கோட்டை): எங்கள் ஊர்ப் பக்கத்து மனோராவைப் பற்றி எழுதுங்கள். நாங்கள் பள்ளியிலிருந்து சைக்கிளில் போய் மாடியேறி இறங்கிய இடம். இப்போது என் பிள்ளைகளைக் கூட்டிப் போனால், ஏன் கட்டினார்கள் என்று கேட்கிறார்கள். "ராஜா கட்டினார்" என்பதற்குமேல் எனக்குத் தெரியவில்லை.

சார், தமிழ்நாட்டுச் சாலையோரங்களிலேயே எனக்கு மிகவும் பிடித்த கட்டடத்தைக் கேட்டுவிட்டீர்கள். ஆசிரியர் பக்கத்தைக் குறைத்தாலும் இதைக் குறைக்கவிடமாட்டேன்.

கிழக்குக் கடற்கரைச் சாலையில் சேதுபாவாசத்திரம் தாண்டி மல்லிப்பட்டினம் போகும் வழியில், கடலைப் பார்த்துக்கொண்டு, யாருக்கும் சம்பந்தமில்லாமல் ஆறு பட்டையாக ஒரு கோபுரம் நிற்கும். எட்டு அடுக்கு, 75 அடி. அடுக்குக்கு அடுக்கு தாழ்வாரம் நீட்டிக்கொண்டிருக்கும். கல்யாணக் கேக்கை யாரோ கடற்கரையில் மறந்துவிட்டுப் போன மாதிரி இருக்கும் என்பாள் என் மனைவி.

கட்டியவர் தஞ்சாவூர் இரண்டாம் சரபோஜி. ஏன் கட்டினார்? பிரான்சு தேசத்தில் நெப்போலியன் தோற்றுப்போனான், அதற்காக! தஞ்சாவூர் ராஜாவுக்கும் நெப்போலியனுக்கும் என்ன பங்காளிச் சண்டை என்றுதானே கேட்கிறீர்கள்? ஒன்றுமில்லை. 1799இல் ராஜ்யத்தின் நிர்வாகத்தை ஆங்கிலேயர் கையில் எழுதிக்கொடுத்துவிட்டு, தஞ்சைக் கோட்டைக்குள் மட்டும் ராஜாவாக, அவர்கள் கொடுக்கும் பணத்தில் இருந்தவர் சரபோஜி. அவர்கள் ஜெயித்தால் இவர் சந்தோஷப்பட்டாக வேண்டும். அந்தச் சந்தோஷத்தைக் கல்லில் எழுதியும் வைத்தார். ஆங்கிலேயரின் நண்பரும் கூட்டாளியுமான தஞ்சை மகாராஜா சரபோஜி, ஆங்கிலப் படையின் வெற்றிகளையும் போனபார்ட்டின் வீழ்ச்சியையும் நினைவுகூரக் கட்டியது, 1814 என்று கல்வெட்டு. தமிழிலும் தெலுங்கிலும் மராத்தியிலும்கூட வெட்டியிருக்கிறார்கள்.

அந்த வருடத்தை உங்கள் பிள்ளைகளிடம் காட்டுங்கள். பெரிய வகுப்புப் படிக்கிற பிள்ளையாக இருந்தால் முழிக்கும். ஏனென்றால் பாடப்புத்தகத்தில் நெப்போலியன் வாட்டர்லூவில் தோற்றது 1815. 1814இல் அவன் பட்டம் துறந்து எல்பா தீவுக்கு அனுப்பப்பட்டிருந்தான், அவ்வளவுதான். அடுத்த வருடம் தீவிலிருந்து தப்பித்து வந்து மறுபடியும் பேரரசனாக உட்கார்ந்துவிட்டான்! இங்கே மல்லிப்பட்டினத்துக் கரையில் அவன் கதை முடிந்தது என்று கோபுரம் எழும்பிக்கொண்டிருக்கிறது, அங்கே அவன் பாரிசுக்குள் நுழைகிறான். சேதி கப்பலில் வந்து சேர மாதங்கள் ஆகும் காலம். அதைக் கேட்டபோது சரபோஜி மகாராஜா முகம் எப்படி இருந்திருக்கும் என்று நான் பலமுறை நினைத்துச் சிரித்திருக்கிறேன். நல்ல வேளை, வாட்டர்லூ வந்து அவர் மானத்தைக் காப்பாற்றியது.

பெயர் விஷயமும் ருசியானது. மினார் என்றால் கோபுரம். அது நம்மூர் வாயில் விழுந்து மனோரா ஆனது.

காலையில் போங்கள், உச்சி வெயிலில் கோபுரத்துக்குக் கீழே தவிர நிழலே கிடையாது. கடலையும் காட்டுங்கள். அந்தக் கடலில்தான் கடற்பசு மேய்கிறது. ஆவுளியா என்பார்கள் மீனவர்கள். கடலடியில் வளரும் புல்தான் அதற்கு ஆகாரம். 2022இல் அந்தப் பாக் விரிகுடாப் பகுதியில் 448 சதுர கிலோமீட்டரைக் கடற்பசுப் பாதுகாப்பகமாக அரசு அறிவித்தது. கரையில் நின்றால் தெரியுமா என்றால், நான் ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. என் பேரன் பார்த்ததாகச் சொல்கிறான். படகு என்று நான் சொன்னேன். இன்றுவரை தீரவில்லை.

கேள்வி (ஈரோடு): ஒரு மலையடிவாரத்தில் "உலக அதிசயம், உள்ளே வாருங்கள்" என்று எழுதியிருந்த கண்ணாடிக் கூடத்தில் நாலு பேருக்கு 1,200 ரூபாய் வாங்கினார்கள். உள்ளே குட்டையாகவும் நெட்டையாகவும் காட்டும் ஆறு கண்ணாடி. எட்டு நிமிடத்தில் வெளியே வந்துவிட்டோம். ஏமாந்துவிட்டோமா?

ஆமாம். ஆனாலும், எட்டு நிமிடமும் பிள்ளைகள் சிரித்தார்களா இல்லையா? சிரித்திருந்தால் கணக்கைப் பாதியாக எழுதிக்கொள்ளுங்கள். அடுத்த தடவை டிக்கெட் வாங்குவதற்குமுன் வெளியே வருகிறவர்கள் முகத்தை ஐந்து நிமிடம் பாருங்கள். அதைவிட நல்ல விளம்பரப் பலகை இல்லை.

கேள்வி (தாம்பரம்): மாமல்லபுரத்து வெண்ணெய் உருண்டைப் பாறை ஏன் உருளவில்லை என்று ஆறு வயது மகன் நச்சரிக்கிறான். "கடவுள் பிடித்திருக்கிறார்" என்று மாமியார் சொல்லிவிட்டார். நீங்கள் என்ன சொல்வீர்கள்?

மாமியார் சொன்னதை மறுக்க எனக்குத் தைரியமில்லை. கூடவே இதையும் சொல்லுங்கள். அந்தக் கல்லை யாரும் கொண்டுவந்து வைக்கவில்லை. அந்தக் குன்றோடு குன்றாக இருந்த கருங்கல்தான். சுற்றியிருந்த விரிசல்களில் மழையும் வெயிலும் லட்சக்கணக்கான வருடம் வேலை செய்து, மூலையெல்லாம் உதிர்ந்து, நடுவில் இந்த உருண்டை மிஞ்சியது. பந்து என்றால் தரையை ஒரு புள்ளியில் தொடும். இது கீழே தட்டையாக உட்கார்ந்திருக்கிறது. எடை சுமார் 250 டன். இவ்வளவு எடை சரிவில் அழுந்தும்போது உராய்வு விடுமா? பின்பக்கம் போய்ப் பார்க்கச் சொல்லுங்கள். அங்கே இது உருண்டையே இல்லை, பாதி வெட்டிய கொழுக்கட்டை.

1908இல் மதராஸ் கவர்னர் ஆர்தர் லாலி, இது உருண்டு வந்தால் ஆபத்து என்று ஏழு யானைகளைக் கட்டி இழுக்கவைத்தார், அசையவில்லை என்று ஒரு கதை சொல்வார்கள். கோயம்புத்தூர் லாலி ரோடு இருக்கிறதே, அதே லாலி. பிள்ளைக்கு யானைக் கதையை முதலில் சொல்லுங்கள், உராய்வை அப்புறம்.

கேள்வி (மதுரை): மாத்தூர் தொட்டிப்பாலத்துக்குப் போனோம். பாதிப் பாலத்தில் என் அம்மாவுக்குத் தலைசுற்றி அங்கேயே உட்கார்ந்துவிட்டார். இருபது நிமிடம் நகரவில்லை. வயதானவர்களைக் கூட்டிப் போகக்கூடாத இடமா?

கூட்டிப் போகலாம், மேலே ஏற்றத்தான் வேண்டாம். அது நடப்பதற்காகக் கட்டிய பாலமே அல்ல, தண்ணீருக்காகக் கட்டியது. கன்னியாகுமரி மாவட்டத்தில் ஒரு மலையிலிருந்து எதிர் மலைக்குப் பாசனக் கால்வாயைக் கொண்டுபோகவேண்டும், நடுவில் பறளியாறு பள்ளத்தில் ஓடுகிறது. பம்பு வைத்து ஏற்றினால் கட்டுப்படியாகாது. கால்வாயையே கான்கிரீட் தொட்டியாக்கி, 28 தூண்களின்மேல், அதிகபட்சம் 115 அடி உயரத்தில் தூக்கிவைத்துவிட்டார்கள். தண்ணீர் தன் பாட்டுக்கு இந்த மலையிலிருந்து அந்த மலைக்கு நடந்து போகிறது. 1966இல் முடிந்த வேலை. காமராஜர் காலத்துத் திட்டம். தொட்டியின் மேல்மூடியில்தான் நாம் நடக்கிறோம். காலுக்குக் கீழே தண்ணீர், அதற்குக் கீழே வெறும் காற்று. தலை சுற்றாதா?

என் மனைவி மூன்றாவது தூணோடு திரும்பிவிட்டாள். "நீங்க கட்டின ரோட்டுலயே நான் பயந்துதான் போவேன்" என்றாள், சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். நான் அவளைப் படிக்கட்டு வழியாகக் கீழே ஆற்றங்கரைக்குக் கூட்டிப் போனேன். ஒரு தூணின் அடியில் நின்று கழுத்தை ஒடித்து மேலே பார்த்தால்தான் அந்த உயரம் புரியும். அன்னாசிப்பழம் வெட்டி மிளகாய்ப்பொடி தூவி வாங்கிச் சாப்பிட்டோம். அம்மாவை அடுத்த தடவை கீழே உட்காரவையுங்கள். படி ஏறி இறங்க முட்டி ஒத்துழைக்குமா என்று மட்டும் முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி (திருப்பூர்): நீங்கள் சொல்கிற இடங்களெல்லாம் சரி. பெண்கள் ஒதுங்க எங்கே போவது? இதை ஏன் எந்த ஆணும் எழுதுவதில்லை?

அடி சரியாக விழுந்தது, அம்மா. மேலே சொன்ன இடங்களில் பாதிக்கும்மேல் கழிவறையை நம்பிப் போகமுடியாது. பிரதான சாலையை விட்டுப் பிரிவதற்குமுன் பெட்ரோல் பங்கில் முடித்துக்கொள்ளுங்கள். பங்கில் கழிவறையும் குடிநீரும் டயருக்குக் காற்றும் இலவசமாகக் கொடுக்கவேண்டும் என்பது விதி, பெட்ரோல் போட்டாலும் போடாவிட்டாலும். சாவி இல்லை என்பார்கள். "மேனேஜர் எங்கே?" என்று கேட்டால் சாவி வந்துவிடும். வண்டியில் ஒரு வாளி, ஒரு குடம் தண்ணீர், ஒரு பழைய புடவை எப்போதும் இருக்கட்டும். இதைச் சொல்லிக்கொடுத்தது என் மாமியார். அந்த ராமேஸ்வரப் பயணத்தில் அவர் எவ்வளவு சிரமப்பட்டார் என்பது எனக்கு இருபது வருடம் கழித்துத்தான் தெரிந்தது. நான் நிறுத்தவே இல்லையே.

கேள்வி (சிவகங்கை): தீபாவளிக்குப் பட்டாசுச் சத்தமில்லாத ஊருக்குப் போகவேண்டும். கைக்குழந்தை இருக்கிறது.

உங்கள் மாவட்டத்திலேயே இருக்கிறது. கொள்ளுக்குடிப்பட்டி, வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயம். கண்மாய்க்கு வரும் பறவைகள் பயந்துவிடும் என்று ஊர்க்காரர்கள் பட்டாசு வெடிப்பதே இல்லை. ஒரு விஷயம், பட்டாசுதான் இல்லை, ஆயிரக்கணக்கான பறவைகளின் இரைச்சல் உண்டு. குழந்தைக்கு அது பிடிக்கும் என்று நினைக்கிறேன்.

கேள்வி (காரைக்குடி): ஊருக்கெல்லாம் வழி சொல்கிறீர்கள். நீங்கள் பார்க்க நினைத்துப் பார்க்காமல் விட்டது உண்டா?

முதல் பதிலிலேயே சொல்லிவிட்டேனே. போன வருடம் மகளையும் பேரனையும் கூட்டிக்கொண்டு அந்தக் குதிரைத் தோப்பைத் தேடிப் போனோம். திருமயம் தாண்டியதும் இடப்பக்கம் என்றாள் மகள். இல்லை, தேவகோட்டைக்கு அந்தப் பக்கம், வலப்பக்கம் என்றேன் நான். சாலையை அகலப்படுத்தி இரண்டு தரம் மேடாக்கியிருக்கிறார்கள், பழைய வளைவுகளை நேராக்கியிருக்கிறார்கள். புளியமரங்கள் போய்விட்டன, நம்பர் பார்த்து அடையாளம் சொல்லவும் வழியில்லை. நாலு தோப்புக்குள் இறங்கிப் பார்த்தோம். இரண்டில் குதிரை இருந்தது. ஒன்றில் எல்லாம் புதுக்குதிரை, பெயின்ட் அடித்தது. இன்னொன்றில் ஏழே ஏழு. "இது இல்லை" என்று இரண்டிலும் தலையாட்டிவிட்டாள்.

அடையாளம் சொல்கிறேன், உங்கள் ஊர்ப் பக்கம்தான். தோப்பு முகப்பில் ஒரு அடிபம்பு. அதன் பக்கத்தில் இரட்டைப் பனை, ஒன்று சாய்ந்தது. குதிரை வரிசையின் கடைசியில் ஒரு யானை, துதிக்கை உடைந்திருந்தது. யானையை நான் பார்க்கவில்லை, மகள் பார்த்திருக்கிறாள். தெரிந்தவர்கள் ஒரு கார்டு போடுங்கள்.